வேட்டைத் துப்பாக்கியின் துல்லியம்

வேட்டைத் துப்பாக்கியின் துல்லியம் என்பது, ஒரு சுரிகுழல் துப்பாக்கி (ரைபிள்) குறிவைத்த இடத்திலேயே ஒவ்வொரு முறையும் குண்டைச் சேர்க்கும் திறன் ஆகும். இதயம், நுரையீரல் அமைந்த பகுதியில் குண்டு பட்டால் விலங்கு விரைவில் இறக்கும். வயிற்றிலோ காலிலோ பட்டால் அது தப்பியோடி, நெடுநேரம் துன்புறும். எனவே துல்லியம் வேட்டை அறத்தின் ஒரு பகுதியாகவும் கருதப்படுகிறது.

அளவிடும் முறை

ஒரே புள்ளியைக் குறிவைத்து 3 அல்லது 5 முறை சுட்டு, ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி அமைந்த இரு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் அளக்கப்படுகிறது. இச்சிதறல் கோண நிமிடத்தில் (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு) குறிக்கப்படும். ஒரு கோண நிமிடம் 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2.9 செ.மீ., 200 மீட்டரில் 5.8 செ.மீ. ஆகும்.

போதுமான துல்லியம்

வெண்வால் மானின் உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுடையது. 2 கோண நிமிடச் சிதறல் உள்ள துப்பாக்கி 200 மீட்டரில் 12 செ.மீ. அளவுக்குள் சுடும் என்பதால், அதுவே போதுமானது.

நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்கான தேர்வில், 100 மீட்டர் தொலைவிலிருந்து சுடும் 5 குண்டுகளும் 30 செ.மீ. வட்டத்தினுள் பட வேண்டும். பின்லாந்தில் பெரிய மான் இனங்களுக்கான தேர்வில் 75 மீட்டரிலிருந்து 4 குண்டுகள் 23 செ.மீ. வட்டத்தினுள் பட வேண்டும். இவ்விரு வட்டங்களும் ஏறத்தாழ 10 கோண நிமிட அகலம் கொண்டவை. களத்தில் துப்பாக்கியின் சிதறலை விடச் சுடுபவரின் பிழையே பெரிது என்பது இதனால் விளங்கும்.

சிதறலுக்கான காரணங்கள்

* தளர்ந்த திருகுகள்: குறிநோக்குத் தொலைநோக்கியையும் துப்பாக்கிக் கட்டையையும் பிணைக்கும் திருகுகளை முதலில் சோதிக்க வேண்டும்.
* மரக்கட்டை: ஈரத்தால் உப்பிய மரம் குழலை அழுத்தும். குழலுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு தாள் தடையின்றி நகரும் அளவு இடைவெளி விடுவது வழக்கம்.
* தோட்டா: ஒரே துப்பாக்கி வெவ்வேறு வகைத் தோட்டாக்களுக்கு வெவ்வேறு சிதறலைத் தரும். பல வகைகளைச் சுட்டுப் பார்த்தே தெரிவு செய்ய இயலும்.
* குழல்முனை: முனை விளிம்பில் உள்ள சிறு வடுவும் குண்டின் போக்கை மாற்றக்கூடும்.
* வெப்பம்: மெல்லிய குழல் சில சூடுகளிலேயே சூடேறும். சோதனையின்போது இடையிடையே ஆறவிட வேண்டும்.

குறி திருத்தல்

சிதறல் சிறிதாக இருந்தும் குண்டுகள் குறியிலிருந்து விலகி விழுந்தால், அது துப்பாக்கியின் குறையன்று; குறிநோக்கியைத் திருத்தினால் போதும். வேட்டையில் பெரும்பாலும் முதற் சூடே முடிவு செய்வதால், குளிர்ந்த குழலிலிருந்து செல்லும் முதற் குண்டு விழும் இடத்தை அறிந்திருத்தல் இன்றியமையாதது.