சோதனைச்சாவடி இல்லாத எல்லை: கடலுக்குப் போக முன் கவனியுங்கள்



கோடை வந்தால் வட அயர்லாந்தில் பலர் சர்ஃபிங் போவார்கள். பலகையில் ஏறி அலையில் சறுக்குகிற விளையாட்டு அது. சிட்டிசன் எடுத்த ஒரு அண்ணை வந்து, "தம்பி, சனிக்கிழமை பண்டோரனுக்குப் போறம். காரிலை இடம் இருக்கு, வாறியோ? வழியிலை ஒருத்தரும் மறிக்க மாட்டினம்" எண்டு கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அசைலம் கேஸ் இன்னும் முடியாதவர்கள் அந்தக் காரில் ஏற முன் இதை வாசியுங்கள்.

பண்டோரன் எந்த நாட்டில் இருக்கிறது?

அலைகளுக்குப் பேர் போன பண்டோரன், டொனிகல் மாவட்டத்தில் இருக்கிறது. டொனிகல் தீவின் வடக்கே இருந்தாலும் அது வட அயர்லாந்து இல்லை. அயர்லாந்துக் குடியரசைச் சேர்ந்தது. வட அயர்லாந்து என்பது ஆறு மாவட்டங்கள் மட்டுமே: அன்ட்ரிம், ஆர்மா, டவுண், டெரி, டிரோன், ஃபெர்மனா. இந்த ஆறுக்கு வெளியே போனால் நீங்கள் வேறு நாட்டில் நிற்கிறீர்கள்.

எல்லை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

எல்லை எண்டால் எங்களுக்கு ஓமந்தையும் முகமாலையும்தான் ஞாபகம் வரும். இங்கேயும் முன்பு இராணுவச் சாவடிகள் இருந்தன. 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பிறகு அவை அகற்றப்பட்டன. இப்போது சுமார் 500 கிலோமீற்றர் நீளமான இந்த எல்லையில் தடையும் இல்லை, வாசலும் இல்லை. வேக அளவுப் பலகை மைலில் இருந்து கிலோமீற்றருக்கு மாறும். வீதி ஓரக் கோடு மஞ்சளாகும். தபால் பெட்டி பச்சையாகும். போனுக்கு "அயர்லாந்துக்கு நல்வரவு" எண்டு மெசேஜ் வரும். அது வரும்போது நீங்கள் அநேகமாக எல்லையைத் தாண்டியிருப்பீர்கள்.

அவர்கள் போகலாம், நான் ஏன் போகக் கூடாது?

இரண்டு நாடுகளுக்கும் இடையில் பொதுப் பயண ஏற்பாடு ஒன்று 1920களில் இருந்து உண்டு. அந்த உரிமை பிரித்தானிய, அயர்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே. இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர் அயர்லாந்துக்குப் போக விசா எடுக்க வேண்டும். ஹோம் ஆபீஸ் தந்த ஏ.ஆர்.சி. அட்டை பயணப் பத்திரம் அல்ல.

சாவடி இல்லை என்பதால் சோதனையே இல்லை என்று நினைக்க வேண்டாம். எல்லைக்கு அருகில் கார்டா எனப்படும் அயர்லாந்துப் பொலிஸ் பஸ்களை மறித்துப் பத்திரம் கேட்பதுண்டு.

அகதி அந்தஸ்து கிடைத்து, பயணப் பத்திரம் வைத்திருப்பவர்களும் விசா தேவையா என்று அயர்லாந்துத் தூதரகத்தில் முதலே விசாரியுங்கள்.

பிடிபட்டால் என்ன நடக்கும்?

முதலாவது, அனுமதி இல்லாமல் பிரித்தானியாவை விட்டு வெளியேறினால் உங்கள் அசைலம் விண்ணப்பத்தை நீங்களே வாபஸ் வாங்கியதாகக் கருத குடிவரவு விதிகளில் இடம் உண்டு. இரண்டாவது, அனுமதி இல்லாமல் திரும்ப உள்ளே வருவதும் குற்றமாகலாம். 2022ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கான உச்சத் தண்டனையை 4 வருடமாகக் கூட்டியது. ஒரு நாள் கடலுக்குப் போனவரை உடனே சிறையில் போடுவார்கள் என்பதல்ல இதன் கருத்து. ஆனால் மாதக்கணக்காகக் காத்திருக்கிற கேசை ஒரு சனிக்கிழமைக்காகப் பணயம் வைக்கலாமா?

தெரியாமல் போய்விட்டால்?

- மறைக்க வேண்டாம். உடனே உங்கள் சொலிசிட்டருக்குச் சொல்லுங்கள்.
- அதிகாரி மறித்தால் உண்மையான பெயரையும் விபரத்தையும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள்.
- விளங்காத பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.
- நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் ஆபத்து எண்டால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

அப்ப கடலுக்கே போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். பெல்பாஸ்டில் இருந்து கொலரேன் வழியாக போர்ட்ரஷ் வரை ரயில் போகிறது. போர்ட்ரஷ், போர்ட்ஸ்டுவர்ட், காசில்ரொக், பெனோன் எல்லாம் வட அயர்லாந்துக்குள்ளேயே இருக்கிற நல்ல அலைக் கரைகள். கோடையில் உயிர்காப்பாளர்கள் நிற்கும் கரையையே தெரிவு செய்யுங்கள். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே நீந்தலாம். பலகைக்குக் கறுப்பு வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே. தண்ணீர் எங்கட கடல் மாதிரி இல்லை, கடும் குளிர். உடம்பை மூடும் ரப்பர் உடுப்பு இல்லாமல் இறங்க வேண்டாம்.

யாராவது கூப்பிட்டால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணை, அந்த இடம் எந்த மாவட்டம்?" ஆறு பெயரில் ஒன்று வந்தால் சந்தோஷமாகப் போய் வாருங்கள். வராவிட்டால், "கேஸ் முடியட்டும், பிறகு வாறன்" எண்டு சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.