வலைக்கு ஏன் நீலச் சாயம்?

பிரான்சின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலத்துக்குப் பிரிட்டனி என்று பெயர். அதன் தென்கரையில் கொங்கார்னோ என்று ஒரு பழைய மீன்பிடித் துறைமுகம். 1905இல் அங்கே தொடங்கிய ‘நீல வலைகள் திருவிழா’ இன்றும் ஆகஸ்டு மாதத்தில் நடக்கிறது. வலைக்கு ஒரு திருவிழாவா, அதுவும் நீல வலைக்கா என்று கேட்கிறீர்களா? வாருங்கள், துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பதிலைத் தேடுவோம்.

துறைமுகத்தின் நடுவே ஒரு குட்டித் தீவு. அதைச் சுற்றிக் கருங்கல் கோட்டைச் சுவர். சுவரின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெகு உயரம் வரை கல் ஈரமாக, பாசி படர்ந்து கறுத்திருக்கும். சில மணி நேரத்துக்கு முன்பு கடல் அந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இங்கே கடல் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். சென்னைக் கடற்கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நிலாவும் சூரியனும் எல்லாக் கடலையும்தான் இழுக்கின்றன. ஆனால் ஐரோப்பாவின் மேற்குக் கரையை ஒட்டிக் கடலடி நிலம் வெகுதூரம் ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. நடுக்கடலில் தாழ்ந்து வரும் ஓத அலை அந்த மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்து, உயரம் கூடுகிறது. பிரிட்டனியின் வடகரையில் உள்ள சேன்-மாலோ ஊரில் இந்த வேறுபாடு பன்னிரண்டு மீட்டரைத் தாண்டும்! இப்படிக் கடல் ஏறி இறங்கும் ஊரில் படகுகளைக் கட்டுவதற்கு மிதக்கும் மேடைகள் போட்டிருக்கிறார்கள். தண்ணீரோடு மேடையும் ஏறும், இறங்கும்.

சரி, நீல வலைக்கு வருவோம். நூறாண்டுகளுக்கும் முன்பு கொங்கார்னோ பெரும்பாலும் ஒரே மீனை நம்பி வாழ்ந்தது. நாம் மத்தி என்றும் சாளை என்றும் சொல்கிறோமே, அதன் உறவுக்கார மீன் அது. முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பறவை பார்த்தால் ஆழ்கடலின் கருமையோடு கலந்துவிடும். கீழிருந்து பெரிய மீன் பார்த்தால் வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடும். இப்படி ஒளிந்து வாழும் மீனுக்குக் கண்ணும் கூர்மை. தடித்த வலையைத் தூரத்திலேயே பார்த்து விலகிவிடும்.

அதற்கு மீனவர்கள் கண்ட வழிதான் நீலம். வெயில் கடலுக்குள் இறங்கும்போது சிவப்பு ஒளியைத் தண்ணீர் சீக்கிரமே விழுங்கிவிடுகிறது. நீல ஒளிதான் அதிக ஆழம் வரை போகிறது. நீலத் தண்ணீருக்குள் நீல நூல் தனித்துத் தெரியாது. அதனால் மெல்லிய நூலில் வலை பின்னி நீலச் சாயம் தோய்த்தார்கள். அந்த வலைகளைக் கம்பங்களில் உலர்த்தும்போது துறைமுகமே நீலமாகிவிடும். திருவிழாவின் பெயர் அங்கிருந்து வந்தது.

வலை மட்டும் போதாது. மீனை அதற்குள் வரவழைக்க வேண்டுமே! அதற்கு நார்வே நாட்டிலிருந்து பீப்பாய் பீப்பாயாக உப்பிட்ட காட் மீன் முட்டைகளை விலைக்கு வாங்கினார்கள். கடலுக்குப் போனதும் பாயை இறக்கிவிட்டுத் துடுப்பு போடுவார்கள். வலை படகின் பின்னால் நெட்டுக்குத்தாகத் தொங்கும். தலைவர் படகின் பின்முனையில் நின்று வலையின் ஒரு பக்கத்தில் முட்டைகளைத் தூவுவார். மறுபக்கம் இருக்கும் மீன்கள் இரையை நோக்கிப் பாய்ந்து வலையில் முட்டும். சின்ன மீன் கண்ணி வழியாகத் தப்பிவிடும். மிகப் பெரிய மீனின் தலை நுழையாது. அளவான மீனின் தலை நுழையும், உடம்பு நுழையாது. பின்வாங்கினால் செவுளில் நூல் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு படகிலும் வேறு வேறு கண்ணி அளவில் பல வலைகள் இருக்கும். அன்றைக்கு வரும் மீனின் பருமனைப் பார்த்து வலையை மாற்றுவார்கள். ஒளி, மீனின் பசி, மீனின் உடலளவு என்று மூன்றையும் கணக்கில் எடுத்த இந்தத் தொழிலைப் பள்ளிக்கூடமே போகாத பலர் செய்தார்கள். இதை அறிவியல் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

மீன் கரைக்கு வந்த நிமிடத்திலிருந்து இன்னொரு ஓட்டம் தொடங்கும். மத்தி எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன். காற்றுப் பட்டால் அந்த எண்ணெய் விரைவில் கெட்டுச் சிக்கு வாடை வீசும். செத்த மீனின் வயிற்றில் உள்ள செரிமான நொதிகள் மீனின் சதையையே கரைக்கத் தொடங்கும். ஐஸ் இல்லாத காலத்தில் ஒரு நாள் தாமதம்கூடத் தாங்காது. அந்தச் சிக்கலுக்கு விடை தந்தவர் நிக்கொலா அப்பேர் என்ற பிரெஞ்சுக்காரர். உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துக் கொதிநீரில் வேகவைத்தால் கெடாது என்று கண்டுபிடித்து, 1810இல் அதைப் புத்தகமாக எழுதினார். ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. உணவைக் கெடுப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்று லூயி பாஸ்டர் விளக்கியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான்.

பிரிட்டனிக் கரையோரம் முழுவதும் மீனைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் முளைத்தன. தலையையும் குடலையும் நீக்கி, உப்புநீரில் ஊறவைத்து, உலர்த்தி, எண்ணெயில் பொரித்து, டப்பாவில் அடுக்கி மூடி, மறுபடி வேகவைப்பார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். படகு எப்போது வருகிறதோ அப்போது வேலை, நள்ளிரவிலும் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமிகளும் அங்கே நின்றார்கள். பக்கத்துத் துறைமுகமான துவார்னெனேயில் 1924இல் தொடங்கி இந்தப் பெண்கள் ஆறு வாரங்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு வாங்கினார்கள். இன்று நாம் டப்பா மீனைச் சாப்பிடுகிறோம் என்றால் அப்பேருக்கும் பாஸ்டருக்கும் சொல்லும் நன்றியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

இப்போது வருத்தமான பகுதி. 1902இல் மத்தி வரவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளிலும் சரியாக வரவில்லை. படகுகள் வெறுமனே திரும்பின. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மீனவர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்தக் குடும்பங்களுக்குப் பணம் திரட்டத்தான் ஊரார் சேர்ந்து நீல வலைகள் திருவிழாவைத் தொடங்கினார்கள்.

மீன் எங்கே போனது? இந்தக் கேள்விக்கு நல்லதொரு பாதையைக் காட்டியவர் நார்வேயின் யோஹான் யோர்ட் என்ற அறிவியலாளர். 1914இல் அவர் ஒரு கருத்தைச் சொன்னார். மீன்கள் ஏராளமாக முட்டையிடுகின்றன. பொரித்து வரும் மத்திக் குஞ்சு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அதன் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கரு சில நாள்களுக்குத்தான் சாப்பாடு. அது தீரும்போது சுற்றிலும் நுண்ணிய மிதவை உயிர்கள் இருந்தால் குஞ்சு பிழைக்கும். இல்லாவிட்டால் கோடிக்கணக்கில் மடியும். அந்தச் சில நாள்களில் காற்றும் நீரின் வெப்பமும் கொஞ்சம் மாறினாலே போதும், சில ஆண்டுகள் கழித்து மீன்பிடி வீழ்ந்துவிடக்கூடும். இன்றைக்கும் கடலியலாளர்கள் இந்தக் கருத்தைச் சோதித்துக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருக்கிறார்கள்.

இப்படிக் கடலை ஆராய்வதற்கென்றே கொங்கார்னோவில் ஓர் இடம் உண்டு. விக்தோர் கோஸ்த் என்ற உயிரியலாளர் 1859இல் நிறுவிய கடல் ஆய்வு நிலையம் அது. உலகில் இன்றும் இயங்கும் மிகப் பழைய கடல் ஆய்வு நிலையங்களில் ஒன்று. உள்ளே போய்ப் பார்க்கச் சிறுவர்களுக்கும் அனுமதி உண்டு.

இப்போது நீல வலை பழங்கதை. நம் கரையில் சுருக்குமடி என்கிறோமே, அந்த வகை வலையால் இரவில் மத்தியை வளைக்கிறார்கள். ஒலியலைக் கருவி கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மீன் கிடைக்கிறது, ஆனால் பிஸ்கே விரிகுடாவின் மத்தி கடந்த இருபது ஆண்டுகளில் உருவத்தில் சிறுத்துவிட்டது. வயதான மீன்களும் குறைந்துவிட்டன. கடல் சூடாவதால் மிதவை உயிர்கள் மாறுவது ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மீனின் வயது எப்படித் தெரியும்? அதன் தலைக்குள் இரண்டு பக்கமும் வெள்ளையாகச் செவிக்கற்கள் இருக்கும். அவற்றில் வளர்ச்சி வளையங்கள் உண்டு. உருப்பெருக்கியில் அவற்றை எண்ணித்தான் வயது சொல்கிறார்கள். நம் ஊர்க் கத்தாழை மீனின் செவிக்கல் பெரியது, வெறுங்கண்ணுக்கே தெரியும். அடுத்த முறை வீட்டில் கத்தாழை வாங்கினால், தலையை எறிவதற்கு முன் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லி அதை எடுத்துப் பாருங்கள்.