ஆங்கிலப் பெயர்ச்சொற்களின் பன்மையும் உடைமையும்



"சிஸ்டர்ஸ் ஹவுஸ்" என்று இப்பொழுது நான் சொல்லுகிறேன். அவ்வீடு ஒரு சகோதரிக்கு உரியதா, சகோதரிகள் பலருக்கு உரியதா? உங்களாற் சொல்ல முடியாது, ஆங்கிலேயராலும் முடியாது. எழுதிப் பார்த்த பின்னரே விடை கிடைக்கும். ஈற்றிலுள்ள எஸ் எழுத்துக்கு முன்னே சிறு கொக்கி ஒன்றை இட்டால் வீடு ஒருத்திக்கு; பின்னே இட்டால் பலருக்கு. அப்பாஸ்ட்ரபி எனப்படும் அக்கொக்கி இடம் மாறினால் சொத்துக்கு உரியவரும் மாறிவிடுவர். தமிழில் இவ்வில்லங்கம் இல்லை. சகோதரியின் வீடு, சகோதரிகளின் வீடு என்பவற்றைச் செவியே பிரித்தறியும்.

இக்குழப்பம் எங்ஙனம் நேர்ந்தது? ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்திலே, கல்லைக் குறிக்கும் "ஸ்டான்" என்னும் சொல்லின் பன்மை "ஸ்டானஸ்". கல்லினுடைய என்பது "ஸ்டானெஸ்". ஈற்றயல் உயிரின் வேறுபாட்டால் இரண்டும் தனித்தனி ஒலித்தன. காலப்போக்கில் அவ்வுயிர்கள் தேய்ந்து மறைய, இரண்டும் ஓரொலியாயின. உடைமையைப் பன்மையினின்று பிரித்துக் காட்டக் கொக்கி உதவிற்று. அது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருமைக்கு வழக்காகி, 18ஆம் நூற்றாண்டிற் பன்மைக்கும் பரவிற்று.

ஆதலின் முதலிற் பன்மையை ஆக்கிக்கொள்க. அதன் பின்னரே உடைமையைச் சேர்க்க. எஸ் கொண்டு முடியும் பன்மைக்குக் கொக்கி மட்டும் போதும். "மென்", "சில்ட்றன்" போல்வனவற்றுக்குக் கொக்கியும் எஸ்ஸும் வேண்டும். "அதனுடைய" எனப் பொருள்படும் "இட்ஸ்" கொக்கி பெறாது. இங்கே ஆங்கிலேயரும் இடறுவதுண்டு.

பெரும்பான்மைப் பெயர்கள் எஸ் பெற்றுப் பன்மையாகும். "பஸ்", "பொக்ஸ்" என்றாற்போலச் சீறும் ஒலியில் முடிவன அதன்முன் ஓர் உயிரையும் பெறும். சுவையுடையவை விதிவிலக்குகளே. பல்லைக் குறிக்கும் "டூத்" என்பது "டீத்" ஆவானேன்? பண்டு ஈற்றில் நின்ற இகர விகுதி முன்னுள்ள உயிரைத் தன்பால் இழுத்துத் திரித்துவிட்டுத் தான் மறைந்துபோயிற்று. "சில்ட்றன்" என்பதோ இரட்டைப் பன்மை. "சில்டர்" என்பதே பன்மைதான். அதனை மறந்த மக்கள் மேலும் ஒரு விகுதியைச் சேர்த்தனர். இதைக் கண்டு நாம் நகைத்தற்கில்லை. "அவர்" என்னும் பன்மைமேற் "கள்" ஏற்றி "அவர்கள்" என்பவரும் நாமே.

பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்னும் வகைகள் நமக்குப் புதியனவல்ல. இடர் தருவன எண்ணிக்கைக்கு உட்படாப் பெயர்களாம். தளபாடங்கள், அறிவுரைகள், தகவல்கள் என்று சொல்லிப் பழகிய நா, "பர்னிச்சர்", "அட்வைஸ்", "இன்பர்மேஷன்" என்பவற்றின் ஈற்றிலும் எஸ்ஸைத் தேடுகிறது. கடைப் பெயர்ப்பலகையில் இப்பிழையைக் கண்டு கடந்துபோகலாம். வேலை வேண்டி எழுதும் விண்ணப்பத்தில் அது முதல் வரியிலேயே கண்ணை உறுத்தும். இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. தொல்காப்பியர் காலந்தொட்டே அஃறிணைக்குக் "கள்" கட்டாயமன்று. "பத்து மாடு மேய்ந்தன" என்பது நல்ல தமிழ். அப்பழக்கத்தால் "டென் கவ்" என்று நிறுத்திவிடும் மாணவன், எஸ் வேண்டிய இடத்தில் அதனை விட்டு, வேண்டாத இடத்தில் இடுகிறான்.