கட்புலனாகா வரிமுடிவுக் குறிகள்

பல இடங்களிலிருந்து வரும் மழையளவுக் கோப்புகளை ஒன்று சேர்க்குங்கால் ஒரு விந்தை நேர்வதுண்டு. 'அகோலா' என்னும் நிலையப் பெயர் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் தெளிவாகக் காணப்படும்; நிரலோ அந்நிலையத்திற்கு யாதொரு பதிவும் இல்லையெனக் கூறும். கோப்பிலுள்ள பெயரின் பின்னே கட்புலனாகாத குறியொன்று ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். பெய்த மழை கணக்கில் ஏறாமற்போக அஃதொன்றே போதும்.

தட்டச்சுப் பொறியில் பழகியோர் அறிவர்: வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால் தாள் ஒரு வரி மேலேறும், உருளையும் தொடக்கநிலைக்குத் திரும்பும். டெலிபிரிண்டரில் இவ்விரண்டும் தனித்தனிக் கட்டளைகளாயின. 1963-இல் வெளியான ஆஸ்கி குறியீட்டு முறையில் வரித்தொடக்கத்துக்குத் திருப்பும் குறி 13 என்றும், அடுத்த வரிக்கு நகர்த்தும் குறி 10 என்றும் எண் பெற்றன. யூனிக்ஸும் அதனை ஒட்டியெழுந்த லினக்ஸும் 10 ஒன்றே போதுமெனக் கொண்டன. எம்.எஸ்.டாஸும் விண்டோஸும் 13, 10 ஆகிய இரண்டையும் கைக்கொண்டன. பழைய மக்கின்டோஷ் பொறிகள் 13-ஐ மட்டுமே வழங்கின. 2001-இல் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் முதல் அவையும் 10-க்கு மாறின.

விண்டோஸில் எழுதிய கோப்பை லினக்ஸில் இயங்கும் சி மொழி நிரல் படிக்கும்போது, 10 வரையில் ஒரு வரியெனக் கொள்கின்றது. 13 வரியோடு தங்கிவிடுகின்றது. இறுதிப் பத்தி மட்டுமே கெடுவதால் ஐயம் எளிதில் எழுவதில்லை. பழைய மக்கின்டோஷ் கோப்பாயின் முழுக் கோப்பும் ஒரே வரியாகத் தோன்றும். அது நல்லதே, பிழை உடனே வெளிப்பட்டுவிடும்!

பைத்தான் 3-இல் கோப்பை உரையாகத் திறந்தால், மூவகை முடிவுகளும் தாமாகவே 10 ஆக மாற்றப்படுகின்றன. காற்புள்ளியிட்ட அட்டவணைகளைப் படிக்கும் சி.எஸ்.வி. தொகுதிக்கு மட்டும், திறக்கும்போதே 'நியூலைன்' என்பதற்கு வெற்றுச் சரத்தைத் தருதல் வேண்டும். மேற்கோட்குறிகளுக்குள் அமைந்த வரிமுறிவுகள் அப்பொழுதுதான் பிசகாமலிருக்கும். சி மொழியில் வரியின் கடைசியிலுள்ள 10-ஐயும், அதற்கு முன் 13 இருப்பின் அதனையும் நிரலரே நீக்கவேண்டும். இதனைக் கோப்பைப் படிக்குமிடத்திலேயே செய்துவிட்டால், பின்வரும் கணக்கீடுகளில் இக்கவலை எழாது.

படக்கோப்புகளுக்கு இம்மாற்றம் ஆகாது. அவற்றில் 13-உம் 10-உம் வரிமுடிவுகளல்ல, படத்தின் கூறுகள். பி.என்.ஜி. வகைப் படங்களின் முதல் எட்டு எண்களுள் 13, 10, 26, 10 என்னும் வரிசை வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ளது. இடைவழியில் எந்த மென்பொருளாவது வரிமுடிவுகளைத் திருத்தியிருப்பின் அவ்வரிசை குலைந்துவிடும். திறக்கும் நிரலும் படம் பழுதுபட்டதென அப்பொழுதே அறிந்துகொள்ளும்.