எட்டு விரல் கணக்கு

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் நான் அரியர் வைத்த கதை நம் வகுப்புக்கே தெரியும். 16ஐ ஆக்டலுக்கு மாற்றச் சொன்னார்கள். ஒரு எட்டு போக மீதி எட்டு என்று கணக்குப் போட்டு, 18 என்று எழுதிவிட்டு வந்தேன். ஆக்டலில் 8 என்ற இலக்கமே கிடையாது. 0 முதல் 7 வரைதான். விதி மனப்பாடம், ஆனால் ஏன் என்பது மண்டையில் ஏறவில்லை. வீட்டில் யாரிடம் கேட்பது? எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆளே நான்தான்.

ஏற்றிவிட்டது ஒரு சினிமா. 2009இல் வந்த 'அவதார்' படத்தில் நீலநிற மக்கள் பேசும் நாவி மொழி, இயக்குநர் ஜேம்ஸ் கேமரூனுக்காக அமெரிக்க மொழியியலாளர் பால் ஃப்ராமர் உருவாக்கியது. அந்த மக்களுக்குக் கைக்கு நாலு விரல்; இரண்டு கைக்கும் எட்டு. எனவே எண்ணிக்கையும் எட்டோடு ஒரு சுற்று முடிகிறது.

ஒன்று 'ஆவ்', இரண்டு 'முனெ', மூன்று 'பேய்' (பயப்படாதீர்கள்!), நாலு 'ட்ஸிங்', ஐந்து 'ம்ர்ர்', ஆறு 'புகப்', ஏழு 'கினெ'. எட்டு வந்ததும் 'வோல்'. நம்ம பத்து நிற்கும் இடத்தில் அங்கே வோல் நிற்கிறது. ஒன்பது 'வோலாவ்', அதாவது எட்டும் ஒன்றும். நாம் பதினொன்று என்பதுபோல. எட்டெட்டு 64க்கு 'ஸாம்', அது அவர்களுடைய நூறு. 512 'வோஸாம்', அவர்களுடைய ஆயிரம். என் வயது பதினெட்டு. இரண்டு எட்டு போக மீதி இரண்டு. ஆக்டலில் 22, நாவியில் 'மெவோமுன்'.

என்னைக் கவிழ்த்த 16க்குப் பெயர் 'மெவோல்'. இரண்டு எட்டு, மீதி ஒன்றுமில்லை. ஆகவே 20! இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது, இன்னும் ஐம்பது காசை எட்டணா என்றே சொல்லும் என் அப்பத்தா சிரித்துவிட்டாள். "எட்டணாவும் எட்டணாவும் சேந்தா முழு ரூவாடா. அப்புறம் எங்கிட்டுடா எட்டணா மிச்சம் நிக்கும்?" பள்ளிக்கூடமே போகாதவள். நிரம்பினால் அடுத்த இடத்துக்கு நகரும், அவ்வளவுதான் விஷயம்.

நாவியில் ஒருமை, பன்மையோடு நிற்பதில்லை. ஆள் 'துதே', இரண்டு ஆள் 'மெசுதே', மூன்று ஆள் 'பேசுதே', நாலும் அதற்கு மேலும் 'அய்சுதே'. ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டால் சொல் ஒருமையிலேயே நிற்கும். நாம் 'அஞ்சு ஆள் வந்தாங்க' என்கிறோமே, அதே மாதிரி.

ஒரு வேடிக்கை. பூமிக்காரர்களின் டெலிபோன் நம்பரில் 8, 9 வருமே, அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? அதற்கென்று ஆங்கில எய்ட்டையும் நைனையும் கடன் வாங்கியிருக்கிறார்கள்!

அரியர் தாளில் இந்தமுறை 64 வந்தது. 'ஸாம்' என்று முணுமுணுத்துக்கொண்டே 100 என்று எழுதினேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.