இலவசச் சிகிச்சைக்கும் செலவு உண்டு
தேனி மாவட்டக் கண் பரிசோதனை மையங்கள் காட்டும் கணக்கு

மருத்துவச் செலவு என்றதும் டாக்டர் கட்டணமும் மருந்து விலையுமே நினைவுக்கு வரும். தினக்கூலிக் குடும்பத்துக்குக் கணக்கு அதோடு முடிவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் விடியும் முன்பே ஜீப் ஏறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவருக்கும், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாள். வயதானவர் என்றால் துணைக்குப் போகிறவரின் கூலியும் போகும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூடலூர்க்காரர்கள் தேனியையும் தாண்டிப் போக வேண்டும். பஸ் செலவு, வெளிச்சாப்பாடு எல்லாம் தனி. பொருளாதாரத்தில் இழந்த கூலி மறைமுகச் செலவு எனப்படும்; பயணமும் சாப்பாடும் மருத்துவம் சாராத நேரடிச் செலவு.

கண் புரை போன்ற நோய்களில் இந்தச் செலவுகளின் விளைவு கடுமையானது. புரை வலிக்காது, மெல்ல வளரும். கூலி போகுமே என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள் பார்வை மங்கிவிடுகிறது.

கட்டணம் குறைந்த விதம்

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதி உள்ளவர்கள் கட்டும் பணத்தில் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை என்பது அதன் அடிப்படை. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பரிசோதனை முதல் அறுவை அரங்கு வரை துணைப் பணிகளை ஒப்படைத்ததால், ஒரு டாக்டரால் நிறைய அறுவை சிகிச்சைகள் செய்ய முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு இறங்கியது. 1992-இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், அன்று 100 டாலர் அளவில் இறக்குமதியான கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் சுமார் 10 டாலருக்குத் தந்தது. 1980-களில் தேனியிலும் அரவிந்த் மருத்துவமனை வந்தது. ஊர் ஊராக இலவச முகாம்களும் நடந்தன.

இலவசமும் எட்டாத இடம்

ஆனால் முகாம்களின் பயன் குறித்துத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று, கண் கோளாறு உள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்ததாகக் கண்டது. விலையைப் பூஜ்யமாக்கினாலும் பெரும்பாலானோர் வரவில்லை. முகாம் ஒரு நாளில் முடிந்துவிடும். கண்ணுக்கு ஆண்டு முழுவதும் கவனிப்பு தேவை.

தூரம் குறைந்த விதம்

2004-க்குப் பின் அரவிந்த், ‘விஷன் சென்டர்’ என்னும் சிறு கண் பரிசோதனை மையங்களைத் தேனி வட்டாரத்தில் திறந்தது. அம்பாசமுத்திரம், போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி ஆகியவை முதல் வரிசையில் வந்தன. ஒரு மையம் சுமார் 50,000 பேர் வாழும் பகுதிக்கு. அங்கே டாக்டர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பெண் கண்ணைச் சோதிப்பார். தேனி மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோ வழியே நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார்.

அந்நாளில் ஊர்ப்புற இணைய வசதி மிகக் குறைவு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக் குழு, சாதாரண வை-பை கருவிகளைத் திசைநோக்கிய ஆன்டெனாக்களோடு இணைத்து, 15 கிலோமீட்டர் வரை நேரடித் தொடர்பு ஏற்படுத்தியது. பெரும்பாலோருக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும் என்பதால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அறுவை தேவைப்பட்டவர்கள் மட்டும் பயணம் செய்தார்கள். தொடக்கத்தில் பரிசோதனைக் கட்டணம் 20 ரூபாய். அதோடு கண்ணாடி விற்பனையில் வரும் தொகையும் சேர்ந்து மையத்தின் அன்றாடச் செலவுக்கு உதவுகிறது. கூலியும் பஸ் செலவும் மிஞ்சுவதால், இலவச முகாமைவிடக் கட்டணம் வாங்கும் பக்கத்து மையம் ஏழைக்கு மலிவாக முடிகிறது.

அரசுக் கொள்கைக்கு என்ன பாடம்?

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடப்பது, ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. பெரிய சிகிச்சையால் குடும்பம் கடனில் மூழ்காமல் காக்கும் அரண் அது. ஆனால் இழந்த கூலியைக் காப்பீடு ஈடுசெய்வதில்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைப்பணம் 2021-22-இல் 39.4 விழுக்காடு என்னும் தேசியக் கணக்கிலும் அந்தக் கூலி இடம்பெறவில்லை.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து, அந்தக் கூலியை மிச்சப்படுத்துகிறது. மாலை நேர வெளிநோயாளர் பிரிவு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரைப் பரிசோதனை, ஒரே வருகையில் முடியும் ரத்தப் பரிசோதனை ஆகியவையும் இதே வழியில் வர வேண்டும். திட்டம் தீட்டும்போது நோயாளியின் ஒரு நாள் கூலியையும் சிகிச்சைச் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.