மின்சாரக் காரில் ‘டக் டக்’ ஓசை: தட்டுவது எது?

மாணவர்களே, பெட்ரோல் காரின் இயந்திரம் ‘டக் டக்’ என்று தட்டினால், மெக்கானிக் முதலில் எரிபொருள் எரியும் விதத்தைச் சந்தேகிப்பார். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை தீப்பொறியால் சீராக எரிய வேண்டும். அதில் ஒரு பகுதி தானாகவே வெடித்து எரிந்தால் அந்த ஓசை எழும். மின்சாரக் காரில் சிலிண்டரும் இல்லை, பெட்ரோலும் இல்லை. அப்படியானால் தட்டுவது எது?

உங்கள் மேசை இழுப்பறையை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பேனா நகர்ந்து பலகையில் மோதும். இடைவெளி இருந்தது, விசையின் திசை மாறியது, மோதல் நடந்தது. காரில் கேட்கும் தட்டல் ஓசையும் பெரும்பாலும் இதே கதைதான். எங்கே இடைவெளி, எப்போது விசை மாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் வேலை.

எல்லா ஓசையும் பழுதல்ல. காரை ‘ஆன்’ செய்தவுடன் இருக்கைக்கு அடியில் ஒரு ‘டக்’ கேட்கிறதா? பேட்டரியை மோட்டாருடன் இணைக்கும் பெரிய ரிலே அது. மின்காந்தம் உலோகத் துண்டை இழுத்து இணைப்பை மூடுகிறது. பினாங்குப் பாலத்தில் போகும்போது சீராகக் கேட்கும் ‘டக் டக்’ கூட காருடையது அல்ல. வெயிலில் கான்கிரீட் விரிவடைவதற்காக விடப்பட்ட இணைப்புகள் மீது டயர் ஏறி இறங்கும் ஓசை அது. பாலம் முடிந்ததும் நின்றுவிடும்.

நிற்காத ஓசையைத்தான் விசாரிக்க வேண்டும். காரை ஓட்டுபவர் ஓட்டட்டும். பக்கத்தில் இருக்கும் நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணுங்கள். கார் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 5 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2 மீட்டர். ஆகவே சக்கரம் நொடிக்கு இரண்டரை முறை சுற்றும். 10 நொடியில் 25 தட்டல் கேட்டால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று தட்டுகிறது: டயரில் வீக்கம், தளர்ந்த நட்டு, ஏன், டயரில் சிக்கிய ஒரு கல்லாகக்கூட இருக்கலாம். மோட்டாரோ சக்கரத்தைவிட ஏறத்தாழ 9, 10 மடங்கு வேகமாகச் சுற்றும். அதன் ஓசை தனித்தனித் தட்டலாகக் கேட்காது. உறுமலாகவோ ரீங்காரமாகவோ கேட்கும்.

பத்து பெரிங்கி போகும் கடற்கரைச் சாலையைப்போல் வளைவுகள் உள்ள இடத்தில் மட்டும் ‘கட கட’ என்றால், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் அச்சின் மூட்டைப் பார்க்க வேண்டும். அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும், மூட்டு தேயும்.

மின்சாரக் காருக்கே உரிய ஓசை ஒன்று உண்டு. மிதியை அழுத்தினால் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. காலை எடுத்தால் சக்கரம் மோட்டாரைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குகிறது. விசையின் திசை நொடியில் தலைகீழாகிறது! பற்சக்கரங்களின் பற்களுக்கு இடையே எண்ணெய் புகவும், வெப்பத்தில் விரிவடையவும் சிறு இடைவெளி விட்டே ஆக வேண்டும். அது அளவுக்கு மீறினால், பற்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்ந்து மோதும்.

டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ் காரில் தொடக்கக் காலத்தில் இப்படி ஓசைப் புகார்கள் வந்தன. பட்டறைகளில் மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் சேர்ந்த முழு அலகையே கழற்றி மாற்றினார்கள். 2014-இல் நிறுவனத் தலைவர் எலான் மஸ்க், அவற்றில் பலவற்றை மாற்றியிருக்கவே வேண்டியதில்லை என்று முதலீட்டாளர்களிடம் கூறினார். சில கார்களில் டிஃபரன்ஷியலின் இடைவெளியை அடைக்க 50 அமெரிக்க சென்ட் விலையுள்ள ஒரு மெல்லிய தகடு போதுமானதாக இருந்தது. அந்தத் தகட்டை ‘ஷிம்’ என்பார்கள். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த பாகத்தை மாற்றுவதைவிட ஓசையின் காரணத்தைச் சரியாகக் கண்டறிவதுதான் கடினமான வேலை.

நம் தாமான்களில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. அதில் ஏறி இறங்கும்போது மட்டும் தட்டினால், சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் பக்கம் போங்கள். பேட்டரி மட்டுமே சில நூறு கிலோ எடை. சிறிய பெட்ரோல் கார் சுமார் 1,000 கிலோ என்றால், நடுத்தர மின்சாரக் கார் 1,700 கிலோவைத் தாண்டும். ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயிண்டும் அவ்வளவு பாரத்தையும் தாங்க வேண்டும். இந்த ஓசையை வானொலியின் சத்தத்தைக் கூட்டி மறைக்கக் கூடாது. பால் ஜாயிண்ட் முற்றிலும் கழன்றால் ஓடும் காரின் சக்கரம் மடங்கிவிடும்.

பட்டறையில் காரைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சிறிய ஒலிவாங்கிகளைப் பாகங்களில் கவ்வவைத்து, காரை ஓட்டிக் கேட்பார்கள். எந்த ஒலிவாங்கியில் ஓசை பலமாக இருக்கிறதோ, அங்கேதான் தேடல். நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள். அவற்றில் பல நூறு வோல்ட் மின்சாரம் ஓடும்.

பழுது புஷ் என்றால் புதியதைப் பொருத்துவார்கள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார் தூக்கியிலிருந்து சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் அதன் எடையால் ரப்பர் முறுகி, சீக்கிரம் கிழியும். ஆகவே சக்கரத்தின் மீது காரின் எடை இருக்கும் நிலையில், டார்க் ஸ்பேனரால் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும். பிறகு அதே வேகத்தடையில், அதே வேகத்தில் மீண்டும் ஒருமுறை ஓட்டிக் கேட்பார்கள்.